முதுகெலும்பின் வட்டுகள்

குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் நாடா ஓட்டும் நெசவாளரும், சேற்றில் குனிந்து நாற்று நடும் உழவரும் குறுக்குவலியால் அல்லலுறுவது யாவரும் அறிந்ததே. சங்கத்திற்கு வரும் கடன் மனுக்களில் வைத்தியச் செலவு என்று குறிக்கப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. "ஜவ்வு தேய்ந்துவிட்டதாம், இனித் தறியில் உட்காரலாகாதாம்" என்று மனமுடைந்து கூறும் அங்கத்தினரும் உளர். அந்த ஜவ்வு யாது, அது தேய்வதன் பொருள் யாது என்பது விளங்கினால் வீண் அச்சமும் வீண் கடனும் ஓரளவு குறையும்.

முதுகெலும்பு ஒரே எலும்பன்று, சிற்றெலும்புகளின் அடுக்கு. அவற்றினிடையே 23 வட்டுகள் மெத்தைபோல் அமைந்துள்ளன. வட்டின் வெளிப்புறம் அடுக்கடுக்கான நார்வளையம். ஓரடுக்கின் நார்கள் ஒருபுறம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் மறுபுறம் சாய்ந்திருக்கும். அதன் உறுதியை நெசவறிந்தோருக்கு விளக்க வேண்டுவதில்லை. நடுவே கூழ் போன்ற பொருள். இளமையில் அதில் பெரும்பங்கு நீரே.

வளர்ந்தோரின் வட்டினுள், வெளியோரம் நீங்கலாக, இரத்தக் குழாய்களே இல்லை. வாய்க்கால் பாயாத வயல் கசிவுநீரால் பிழைப்பதுபோல, அருகிலுள்ள எலும்பிலிருந்து ஊறிவரும் சத்தைக்கொண்டே அது வாழ்கிறது. பகலில் உடற்பாரத்தால் நீர் வெளியேறுகிறது; இரவில் படுத்தபின் மீண்டும் ஊறுகிறது. மாலையைவிடக் காலையில் நாம் சிறிது உயரமாயிருப்பது இதனாலேயே.

வயது ஏற ஏற, நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குன்றி வட்டு தட்டையாகிறது. நார்வளையத்தில் வெடிப்பு காண்கிறது. சிலருக்கு அவ்வெடிப்பின் வழியே கூழ் பிதுங்கிக் காலுக்குச் செல்லும் நரம்பை நெருக்குகிறது. மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் 1934-இல் இதனை விளக்கினர். ஆகவே, 'ஜவ்வு விலகிற்று' என்பது வழக்கே தவிர, வட்டு இடம்விட்டு நழுவுவதில்லை. பிதுங்கிய பகுதி பலருக்கு நாளடைவில் தானே சுருங்கிவிடுகிறது. அறுவை சிகிச்சைக்கென நிலத்தை ஈடு வைக்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

தேய்வு வேறு, வலி வேறு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. 20 வயதினரில் 100-க்கு 37 பேருக்கும், 80 வயதினரில் 96 பேருக்கும் வட்டுத் தேய்வு காணப்பட்டதாம். நரையை நோயென்று யார் சொல்வார்? பின்லாந்தில் இரட்டையரை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட முடிவோ, இத்தேய்வில் தொழிலைவிடப் பரம்பரைக்கே பங்கு மிகுதி என்கிறது. தறிமீது மட்டும் பழி சுமத்துதல் நியாயமன்று.

ஆயினும் பாரம் பாரமே. ஜெர்மனியில் ஒருவரது இடுப்பு வட்டினுள் நுண்கருவி வைத்து அளந்த விவரம் 1999-இல் வெளிவந்தது. நிமிர்ந்து நிற்கையில் உள்ள அழுத்தம், குனிந்து நின்றதும் இருமடங்குக்கு மேலாயிற்று. 20 கிலோ எடையை முதுகு வளைத்துத் தூக்கியபோது நான்கு மடங்கையும் தாண்டிற்று. முழங்கால் மடக்கித் தூக்கியபோது அவ்வளவு ஏறவில்லை. நூல் கட்டாயினும் உர மூட்டையாயினும் உடலோடு அணைத்துத் தூக்குக. தார் மாற்றுகையில் ஒவ்வொரு முறையும் எழ முடியாதாயினும், இடையிடையேனும் குழியைவிட்டு ஏறி நாலடி நடத்தல் வேண்டும்.

வலி வந்ததும் பாயில் கிடப்பது நம் வழக்கம். ஹெல்சிங்கியில் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், படுத்திருந்தவரைவிட, இயன்றவரை அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவரே விரைவில் தேறினர்.

ஆனால் காலில் வலுக் குன்றுதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கட்டுதல் ஆகியவை கண்டால் நரம்பு நிரந்தரமாகக் கெடக்கூடும். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மனு எழுதி, நிர்வாகக் குழு கூடும்வரை காத்திருத்தல் ஆகாது.