இழைமணி நோயும் தாய்வழியும்

கிழக்கிலங்கையின் மட்டக்களப்புப் பகுதியிற் குடி தாய்வழியே செல்லும். மகனும் தாயின் குடியினனே, எனினும் அதனைத் தன் மக்களுக்கு அளியான். கலங்களுக்கு ஆற்றலளிக்கும் இழைமணிக்குரிய 37 பரம்பரையலகுகளும் அவ்வாறே தாயின் முட்டை வழி வருவன. ஆதலின் அவற்றின் பழுதால் நோயுற்ற தந்தையின் மக்கள் அஞ்ச வேண்டுவதில்லை. தாயிடத்தோ பழுதுற்றனவும் நல்லனவும் கலந்திருத்தல் கூடும். அக்கலப்பு முட்டைதோறும் வேறுபடுதலின், ஒரு வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் கடுநோயுறுவர், மற்றவர் நலமாயிருப்பர். அதுபற்றித் தாயைப் பழித்தல் அறியாமையே. மச்சான் மச்சாள் மணத்தைத் தவிர்த்தலும் இதனைத் தடுக்காது. கலக்கருவின் பரம்பரையலகுப் பழுதால் வரும் இழைமணி நோய்களுக்கே அத்தவிர்ப்புப் பயன்படும்.

பிரித்தானியா 2015இல் வேறொரு முறைக்குச் சட்ட இசைவளித்தது: கருக்கட்டிய முட்டையினின்று தாய்தந்தையரின் கருப்பொருளை எடுத்து, கரு நீக்கிய பிறள் முட்டையில் இடுதல். நியூகாசிலில் இவ்வாறு பிறந்த 8 குழந்தைகள் பற்றி 2025இல் அறிவிக்கப்பட்டது. அவருள் 5 பேரிடத்துப் பழுது காணப்படவில்லை. எஞ்சிய மூவரிடத்தும் நோய் விளைக்கும் அளவினும் மிகக் குறைவே.