இலத்திரனியல் அரசாங்கம்

அரசாங்கத்தோடு சாதாரண மனிதனுக்குள்ள தொடர்பு பெரும்பாலும் பத்திரங்களின் வழியாகவே நிகழ்கின்றது. பிறப்பைப் பதியவும், வரி செலுத்தவும், ஓய்வூதியம் பெறவும் அவன் காரியாலயங்களின் படிகளில் ஏறி இறங்குகின்றான். ஒரு திணைக்களத்திற் கூறிய பெயரையும் பிறந்த திகதியையும் அடுத்த திணைக்களத்திலும் கூறவேண்டியவனாகின்றான். இந்த அலைச்சலைப் போக்க எழுந்த ஏற்பாடே இலத்திரனியல் அரசாங்கம் ஆகும்.

காரியாலயங்களிற் கணினிகளை வாங்கி வைப்பதே இலத்திரனியல் அரசாங்கம் எனப் பலர் கருதுவர். அஃது உண்மையன்று. பழைய விண்ணப்பப் பத்திரத்தைக் கணினித் திரையில் ஏற்றிவிட்டால், பத்திரம் இடம் மாறுகின்றதேயன்றி மக்களின் சுமை குறைவதில்லை. திணைக்களங்கள் தமக்குள்ளே தகவலைப் பரிமாறிக் கொள்ளும்போதே மெய்யான மாற்றம் பிறக்கின்றது. இதற்கு எஸ்தோனியா நல்லதோர் உதாரணம்.

பால்டிக் கடலோரத்திலுள்ள அந்நாடு 1991 ஆம் ஆண்டில் மீண்டும் சுதந்திரம் பெற்றது. அதன் சனத்தொகை ஏறக்குறைய 13 இலட்சமே. 2000 ஆம் ஆண்டில் இலத்திரனியற் கையொப்பத்துக்கு, கையால் இடும் ஒப்பத்துக்குரிய மதிப்பைச் சட்டம் வழங்கியது. 2001 இல் ‘எக்ஸ் றோட்’ என்னும் தகவற் பரிமாற்ற முறை தொடங்கப்பட்டது. 2002 முதல் இலத்திரனியல் அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அட்டையை உடையவர் ஓர் இரகசிய இலக்கத்தால் தம்மை இன்னாரென நிரூபிப்பார். மற்றோர் இலக்கத்தாற் கையொப்பமிடுவார்.

‘எக்ஸ் றோட்’ எல்லாத் தகவல்களையும் ஒரே இடத்திற் குவிப்பதில்லை. குடிசனப் பதிவேடு ஓரிடத்திலும், வரிக் கணக்கு வேறோரிடத்திலும், மருத்துவக் குறிப்பு இன்னோரிடத்திலும் தத்தம் பொறுப்பாளரிடமே இருக்கும். அனுமதி பெற்ற திணைக்களம், தேவையான விவரத்தை மாத்திரம் கேட்டுப் பெறும். குடிமகன் ஒருமுறை கொடுத்த தகவலை அரசாங்கம் மறுமுறை அவனிடம் கேட்கலாகாது என்பதே இதன் அடிப்படை விதி. இவ்வாறு பதிவேடுகள் இணைந்தமையால், குழந்தை பிறந்ததும் குடும்பத்துக்குரிய கொடுப்பனவை அரசே முன்வந்து வழங்கும் முறை 2019 இல் ஏற்பட்டது.

எனினும், வசதி பெருகும் இடத்தில் அச்சமும் எழுவது இயல்பு. தனது வாழ்க்கை விவரங்களை எந்த உத்தியோகத்தரும் எட்டிப் பார்க்கலாமோ என்று குடிமகன் ஐயுறலாம். எஸ்தோனியாவிற் பல பதிவேடுகளில், தன்னைப் பற்றிய விவரத்தை எந்த நிறுவனம் எப்பொழுது பார்வையிட்டது என்பதைக் குடிமகன் தானே அறிய முடியும். தகுந்த காரணமின்றிப் பார்த்தவர் தண்டனைக்கு ஆளாக நேரிடும்.

சோதனைகளும் வந்தன. 2007 இல் பாராளுமன்றம், அமைச்சுகள், வங்கிகள், பத்திரிகைகள் ஆகியவற்றின் இணையத்தளங்கள் கடுந் தாக்குதலுக்கு உள்ளாயின. 2017 இல் ஏறக்குறைய ஏழரை இலட்சம் அடையாள அட்டைகளின் இலத்திரனியற் பகுதியில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டது. அரசாங்கம் அதனை மறைக்காது மக்களுக்கு அறிவித்தது. அவ்வட்டைகளின் இலத்திரனியற் சான்றுகளை நிறுத்திவைத்துப் புதுப்பித்தது. அதே ஆண்டில், முக்கிய பதிவேடுகளின் பிரதிகளை லக்சம்பேர்க் நாட்டிற் பாதுகாக்கவும் உடன்படிக்கை செய்துகொண்டது.

அந்நாட்டில் 2005 முதல் இணையவழி வாக்களிப்பு நடைபெற்று வருகின்றது. ஆயினும், வாக்குச்சாவடியும் காகித வாக்குச்சீட்டும் கைவிடப்படவில்லை. கணினியைக் கையாள அறியாத முதியவரும் குடிமகனே என்பதால் இது இன்றியமையாதது.

இலங்கையில் 2006 இல் இலத்திரனியற் கொடுக்கல் வாங்கற் சட்டமும், 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டன. முன்னது மின்வழிப் பத்திரத்துக்குச் சட்ட மதிப்பளிப்பது. பின்னது அப்பத்திரத்திலுள்ள மனிதனின் அந்தரங்கத்தைக் காப்பதற்கானது. இவ்விரண்டும் ஒருங்கே நிலைபெற்றாலன்றி, இலத்திரனியல் அரசாங்கத்தின்பால் மக்களுக்கு நம்பிக்கை ஏற்படாது.