பேயும் பேயனும்

யாழ்ப்பாணத்தார் ஒருவனை அறிவிலி என்று சொல்ல விரும்பின் 'பேயன்' என்பர். பொருளற்ற பேச்சு அவர்க்குப் 'பேய்க்கதை'. ஒருவன் மற்றொருவனை ஏமாற்றினால் 'பேய்க்காட்டிப்போட்டான்' என்பது வழக்கு. இச்சொற்களை நாள்தோறும் கூசாது வழங்கும் எம் உடுவில் மக்களே அந்தி சாய்ந்தபின் ஒழுங்கை முடக்கிலுள்ள புளியமரத்தைத் தனியே கடக்க நேரின், தேவாரத்தைச் சற்று உரத்துப் பாடுவர். மகப்பேற்று வீட்டிலே கொத்திப்பேயின் பெயரை உச்சரிக்கவும் முன்னாளில் அஞ்சினர். அஞ்சப்படுவதும் எள்ளப்படுவதும் ஒரு சொல்லுள்ளே அடங்கிக் கிடத்தல் வியப்பன்றோ?

வியப்பன்று என்பார் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலிலே அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை வகுக்கும் அவர் அணங்கினை முதலில் வைத்தார். விலங்கும் கள்வரும் அரசரும் அதன் பின்னரே வருவர். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கினைக் கூறினார். இவ்விரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்க்குமிடத்து ஓருண்மை புலனாகும். அணங்குக்குப் பேதைமையை ஏற்றிவிட்டால், அச்சத்தின் முதற் காரணமே நகையின் காரணமாக மாறிவிடும். யாழ்ப்பாணத்தான் 'பேயன்' என்று வைததும் இத்துணையே.

இம்மருமத்தை நன்கு விளங்கிக்கொண்டவர் மேனாட்டுத் தொலைக்காட்சியார். அமெரிக்காவில் 1964 முதல் 1972 வரை ஒளிபரப்பான 'பிவிட்ச்ட்' என்னும் நகைச்சுவைத் தொடரிலே, சமந்தா என்னும் சூனியக்காரி விளம்பர நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் எளிய மனிதனை மணந்து, மந்திரத்தை அடக்கிவைத்து அடுக்களை பார்க்க முயல்கிறாள். அவளுடைய தாய்க்கோ அம்மருமகனின் பெயரைப் பிழையாகச் சொல்வதே பொழுதுபோக்கு. அண்டை வீட்டுப் பெண் மாயங்களைக் கண்ணாற் கண்டு அலறுகிறாள். அவள் கணவன் நம்புகிறானில்லை. மந்திரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது மாமியார் மருமகன் பூசலே. மந்திரம் வெறும் தாளிதம். எம்மவர் 1967 இல் 'பட்டணத்தில் பூதம்' என்று படம் எடுத்தபோதும், அடைபட்டுக் கிடந்து வெளிப்பட்ட பூதம் பட்டணத்து வாழ்க்கையிலே அகப்பட்டுக்கொள்வதே சுவையாயிற்று.

இவ்வகையில் அண்மைக் காலத்திலே சிறந்தது 2019 முதல் 2023 வரை பி.பி.சி. ஒளிபரப்பிய 'கோஸ்ட்ஸ்' என்பேன். பழைய மாளிகையொன்றை உரிமையாகப் பெற்ற இளம்பெண் கீழே விழுந்து அடிபட்டபின், அங்கே வெவ்வேறு காலத்தில் இறந்தவர்களைக் காணும் கண் பெறுகிறாள். குகைமனிதன் ஒருவன், தலையும் உடலும் வேறாகிய பிரபு ஒருவன், காதற் கவிஞன் ஒருவன், உலகப்போர்க் காலத்துப் படைத்தலைவன் ஒருவன், காற்சட்டையின்றி இறந்த அரசியல்வாதி ஒருவன். இறந்த கோலத்திலேயே அவர்கள் என்றும் நிற்பர். செத்தும் அவர்தம் செருக்கும் சில்லறைப் பூசலும் சாகவில்லை.

இதனைப் பார்த்தபோது எனக்குச் சயங்கொண்டாரே நினைவுக்கு வந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடிய 'கலிங்கத்துப்பரணி'யிலே, காளியின் பேய்கள் ஒரு குடும்பம்போலவே வாழ்கின்றன. பசியால் மெலிந்து, தம் தலைவியிடம் ஓயாது முறையிடுகின்றன. இமயத்திலிருந்து மீண்ட முதுபேய் இந்திரசால வித்தை காட்டிப் பிணமும் குருதியும் தோன்றச் செய்ய, மற்றப் பேய்கள் பாய்ந்து வெறுவெளியைக் கடித்து ஏமாறுகின்றன. யாழ்ப்பாணத்து மொழியிற் சொன்னால், பேயே பேய்களைப் பேய்க்காட்டுகிறது! போர் முடிந்தபின் களத்திலே விருந்து. யானைக் கொம்பாற் பல் விளக்கி, விலாவெலும்பால் நா வழித்து, மூளையைக் களியாகத் தலையிற் பூசி, குருதியாற்றிலே முழுகி வந்து அமர்கின்றன. திருநாளன்று எம் வீடுகளிலே எழும் ஆரவாரமே ஆரவாரம். பந்தியிலே பார்ப்பனப் பேயும் உண்டு, சமணப் பேயும் புத்தப் பேயும் உண்டு. அவ்வவற்றுக்கு அவ்வச் சமயத்தின் உணவொழுக்கம். குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் தனியே பரிமாறும் முறையும் கூறப்படுகிறது. பேயும் தன் வாழ்நாட் பழக்கத்தை விடாது என்னும் நகை, ஆங்கிலேயரின் மாளிகைக்கு ஏறத்தாழத் தொள்ளாயிரமாண்டு முன்னரே எம் புலவரிடம் அரங்கேறிற்று.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அதை எனக்குக் காட்டியவன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். கூழடுதற் பகுதியைச் சுவைபடச் சொல்லிக்கொண்டு போகையில் அவன் எழுந்து, "சேர், செத்த கலிங்கர் ஒருத்தரும் பேயாய் வரேல்லையே?" என்று கேட்டான். பரணியிலே வரும் பேய் காளியின் கணம், இறந்தார் ஆவி அன்று என்று இலக்கிய மரபினைக் கூறினேன். விடை சரியே. ஆனால் அவன் கேட்டது மரபை அன்று. அவ்விருந்திலே உண்ணப்பட்டவருக்கு ஒரு வாய்ச்சொல்லும் இல்லை. அது வென்றவன் அவைக்களத்துச் சிரிப்பு. 2009 இல் முடிந்த போரின் பின்னே பிறந்து, சுவரிற் படமாக மட்டுமே மாமனை அறிந்த பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலே, அச்சிரிப்பு முன்போல எளிதில் எழுவதில்லை.

'கோஸ்ட்ஸ்' தொடரிலோ இறந்தவரே பேசுகின்றனர்; தம் சாவைத் தாமே நகையாடுகின்றனர். கழுத்திலே அம்பு தைத்து இறந்த சாரணர் தலைவன் ஒருவனுடைய குடும்பத்தார் ஆண்டுதோறும் அவன் நினைவு நாளிலே மாளிகைக்கு வருவர். அவர் கண்ணுக்குப் புலப்படாது அவன் அருகே நிற்பான். அவ்விடத்திலே நகை அழுகையாக மாறுவதற்கு ஒரு நொடி போதும். சிரித்தவரே கண் துடைப்பர்.

இத்தகைய நாடகம் எங்கள் மண்ணுக்கும் பொருந்தும் என்று எண்ணுகிறேன். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே எழுந்து நடந்தது, உடுவிலும் வெறிச்சோடிற்று. மறு ஆண்டு பலர் மீண்டனர். உரிமையாளர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பூட்டிக் கிடக்கும் நாற்சார் வீடுகள் இன்றும் இங்கே உள. அவற்றுள் ஒன்றிலே, மிசன் காலத்து உபதேசியார் ஒருவரும், சுருட்டுக்கொட்டில் முதலாளி ஒருவரும், மலாயாப் பென்சன்காரர் ஒருவரும் ஆவியாக உறைகின்றனர் என்க. உபதேசியார் செபிக்க முதலாளி இருமுவார். பென்சன்காரர் வராத பென்சனுக்காக இன்றும் தபாற்காரனை எதிர்பார்த்திருப்பார். வீட்டை விற்க வரும் கனடாப் பேரனுக்கு முன்னே மூவரும் ஒன்றுபட்டுச் செய்யும் குறும்புகளைக் கூத்தாக எழுதுவது கடினமன்று.

நான்காவதாக ஓர் இளைஞன் வாயிற்படியில் நிற்கிறான். வயது பத்தொன்பது. மூவரும் தம் சாவினை நூறுதரம் சொல்லிச் சிரித்தாயிற்று. அவன் தன்னுடையதைச் சொல்லவில்லை. பென்சன்காரர் ஒருநாள் அவனைப் 'பேயா' என்று விளித்துச் சீண்டுகிறார். அவன் என்ன சொல்வான் என்பதை எழுத வல்ல ஓர் எழுத்தாளன் எம்மிடையே தோன்றுவானாயின், அந்நாடகத்தைப் பார்க்க முதல் வரிசையிலே ஓரிடம் எனக்கும் வைத்திருக்கவேண்டும்.