தளவானூர்க் குன்றும் சந்தைச் சிலுவையும்

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டை மலையில் ஏறி இறங்கியதும் ஊர் திரும்பிவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 1597-ஆம் ஆண்டளவில் இங்கு வந்த இயேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெந்தாவே இந்நகரைக் கண்டு திகைத்தவர். லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டின் எந்நகரும் இதற்கு ஈடாகாது என்று எழுதி வைத்தவர். 2025-இல் யுனெஸ்கோவும் இக்கோட்டையை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. ஆனால் செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில், பெருஞ்சாலையை விட்டு விலகித் தளவானூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கோட்டையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த கல் ஒன்று அங்கே நிற்கிறது.

அங்கே போக எண்ணம் வந்ததற்குக் காரணம் ஒரு படம். இங்கிலாந்தில் பணியாற்றும் நண்பரான குரு ஒருவர், அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் சந்தைச் சிலுவையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நாலைந்து கற்படிகள், அவற்றின் மேல் ஒரு தூண், தூணின் உச்சியில் ஒன்றுமில்லை. அந்நாட்டில் இடைக்காலத்தில் சந்தை கூடும் இடங்களில் இத்தகைய சிலுவைகளை நாட்டினார்கள். அவற்றின் நிழலில் வெண்ணெயும் முட்டையும் விற்றார்கள். படிகளில் நின்று மறையுரையும் ஆற்றினார்கள். சிச்செஸ்டர் நகரில் ஆயர் எட்வர்டு ஸ்டோரி 1501-இல் எழுப்பிய சந்தைச் சிலுவை எட்டுப் பக்கங்களும் திறந்த கல்மண்டபமாகவே அமைந்தது. ஏழை வியாபாரிகள் சுங்கம் செலுத்தாமல் அதன் கீழ் அமர்ந்து விற்க வேண்டும் என்பது ஆயரின் கருத்து. பின்னர் 1643-இல் பொது இடங்களிலுள்ள சிலுவைகளை அகற்றுமாறு பாராளுமன்றம் ஆணையிட்டது. பல ஊர்களில் தலையிழந்த தூண்கள் மட்டுமே எஞ்சின.

படத்தைப் பார்த்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை, முன்பு வேறொரு பங்கில் என்னுடன் உழைத்து இப்போது ஓய்வு பெற்றுவிட்ட உபதேசியாரை அழைத்துக்கொண்டு தளவானூர் சென்றேன். பஞ்சபாண்டவர் மலை என்று ஊரார் வழங்கும் பாறைக் குன்றின் தென்முகத்தைக் குடைந்து கோயில் ஆக்கியிருக்கிறார்கள். பாண்டவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது இது. சத்துருமல்லன் என்னும் தன் விருதுப் பெயரையே சேர்த்துச் சத்துருமல்லேச்சுரம் என்று இதற்குப் பெயரிட்டான். தூணில் வடமொழிக் கல்வெட்டு உண்டு. தமிழ்ச் செய்யுளும் உண்டு.

முகப்பின் இரு கோடிகளிலும் வாயிற்காவலர் நிற்கின்றனர். தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. நடுத் தூண்களின் மேல் மகர தோரணம் ஒன்று வளைந்து நிற்கிறது. திருவிழாவுக்கு நாம் மாவிலையும் ஓலையும் கொண்டு கட்டுகிறோமே, அந்தத் தோரணத்தைக் கல்லில் நிலைக்க வைத்தவன் எந்தச் சிற்பியோ! அதன் கீழ் நான் நெடுநேரம் நின்றேன். உள்ளே சென்றால் கருவறை எதிரே இல்லை. பக்கச் சுவரில், கிழக்கு நோக்கி அமைந்திருக்கிறது. பாறை தெற்கு நோக்கியிருந்தாலும் இறைவன் கிழக்கு நோக்கியிருக்க வேண்டும் என்று கருதிச் சிற்பி அவ்வாறு திருப்பிக் குடைந்தான் போலும்.

அருகிலுள்ள மண்டகப்பட்டிலும் இவ்வரசன் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எதுவுமின்றி இதை ஆக்கினேன் என்பது அங்குள்ள கல்வெட்டின் செய்தி. அழியும் பொருள்களை விலக்கிவிட்டான் அரசன். புதுச்சேரியில் பேராசிரியராயிருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இக்குகைகளை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். தொல்லியல் துறை இன்று காவல் காக்கிறது.

"ஆயிரத்து நானூறு வருஷமா இருக்குதுங்களா சாமி?" என்றார் உபதேசியார். ஆம் என்றேன். அவர் பாறையைத் தடவிப் பார்த்தார். "நம்ம சந்தைக் குருசு நூறு வருஷம்கூட இருந்திருக்காது."

அதுதான் என் உறக்கத்தைக் கெடுத்தது. நாங்கள் இருவரும் பணியாற்றிய அப்பங்கில், வாரச்சந்தைத் திடலின் ஓரத்தில் கருங்கற் சிலுவை ஒன்று இருந்தது. செவ்வாய்தோறும் அதன் மேடையில் கீரைக்காரப் பாட்டிமார் கூடை இறக்குவார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் முதல் விற்பனைக் காசைச் சிலுவையில் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். சிமெண்டில் வர்ணம் பூசிய புதிய கெபி கட்டலாம் என்று பங்கு மக்கள் சிலர் விரும்பினார்கள். வயதில் இளையவனாயிருந்த நானும் இசைந்தேன். எந்தப் பாராளுமன்றமும் எனக்கு ஆணையிடவில்லை. ஒரே நாளில் கல்லைப் பெயர்த்தோம். கெபிக்கு அழகான இரும்புக் கம்பிவேலி போட்டோம். அதற்குள் கூடையை இறக்க முடியாது என்பது கட்டி முடித்த பின்புதான் என் புத்தியில் பட்டது. பாட்டிமார் ஒன்றும் சொல்லவில்லை. சாலையின் எதிர்ப்புறம் வெயிலில் போய் உட்கார்ந்தார்கள்.

சில ஆண்டுகளில் கெபியின் கூரை வெடித்து, கம்பி துருவேறி வெளியே தெரிந்தது என்று கேள்விப்பட்டேன்.

குன்றிலிருந்து இறங்குகையில் உபதேசியாரிடம், "அந்தக் கல் என்னவாயிற்று?" என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளாக நான் கேட்காத கேள்வி.

"எங்கேயும் போகலைங்க சாமி. பங்களாவுக்குப் பின்னால கிணத்தடியில கிடக்குது. துணி துவைக்கப் போட்டிருந்தாங்க. குறுக்குக் கட்டைதான் ஒரு பக்கம் மூளியாயிருக்குது."

அப்பங்கின் இன்றைய குருவுக்கு அன்றிரவே கடிதம் எழுதினேன். வேலிக்கு வெளியே, கூடை இறக்கும் உயரத்தில் ஒரு மேடை கட்டுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று கொத்தனாரைக் கேட்டுச் சொல்லுமாறு வேண்டியிருக்கிறேன்.