பக்கத்து நாட்டுடன் நட்பா, பகையா? கேம் காட்டும் அரசியல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் திறப்பது பெரும்பாலும் கேம்ஸ்தான். அதில் ஸ்ட்ராடஜி வகையை அவசியம் விளையாடிப் பாருங்கள். இதில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே ஓட வேண்டியதில்லை. ஒரு நாட்டையே நீங்கள் நடத்த வேண்டும். பக்கத்து நாடுகளைக் கம்ப்யூட்டரோ, உங்கள் நண்பர்களோ நடத்துவார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் 'ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2'. 1999-ல் வந்த இந்த கேமின் புதுப்பித்த பதிப்புக்கு, 2022-ல் 'டைனஸ்டீஸ் ஆப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பு வெளியானது (தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும்). அதில் ராஜேந்திர சோழனை வைத்து ஒரு தொடர் ஆட்டம் உண்டு. 'திராவிடர்' பிரிவுக்குக் கப்பலும் காலாட்படையும் பலம், குதிரைப்படை பலவீனம். சரித்திரத்திலும் நல்ல போர்க்குதிரைகள் அரபு நாடுகளிலிருந்து கடல் வழியே வர வேண்டியிருந்தது. சோழருக்கும் சாளுக்கியருக்கும் வேங்கி யார் பக்கம் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை. பனமரத்துப்பட்டிப் பக்கம் வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

ஆட்டத்தின்போது திரையின் மேலே உள்ள டிப்ளமசி பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு நாட்டையும் நண்பன், நடுநிலை, எதிரி என்று குறிக்கலாம். (தொடங்கும் முன் 'லாக் டீம்ஸ்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடவும்.) நீங்கள் நண்பன் என்று குறித்தாலும், அவர் உங்களை எதிரி என்றே வைத்திருக்கலாம்!

2010-ல் வந்த 'சிவிலைசேஷன் 5' இன்னும் சுவாரஸ்யம். எல்லையருகே படையைக் குவித்தால், எதற்காக என்று பக்கத்து நாட்டுத் தலைவர் கேட்பார். சும்மா கடந்து போகிறோம் என்று சமாளிக்கலாம். இல்லை, போர் அறிவிக்கலாம். 1986-87-ல் ராஜஸ்தானில் நம் ராணுவம் 'பிராஸ்டாக்ஸ்' என்ற பெரிய பயிற்சி நடத்தியபோது இதுவேதான் நடந்தது. பயிற்சியா, படையெடுப்பா என்று சந்தேகப்பட்ட பாகிஸ்தானும் படையை நகர்த்தியது. போர் வரும் என்ற நிலை ஏற்பட்டுத் தணிந்தது. பெரிய பயிற்சிகளை முன்கூட்டியே தெரிவிக்க இரு நாடுகளும் 1991-ல் ஒப்பந்தம் செய்துகொண்டன.

சில சமயம் கேமே நிஜ அரசியலில் மாட்டிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போர் கேமான 'ஹார்ட்ஸ் ஆப் அயர்ன்', திபெத்தையும் மஞ்சூரியாவையும் தனி நாடுகளாகக் காட்டியதால் 2004-ல் சீனா அதைத் தடை செய்தது. கேம் மட்டுமல்ல, விண்டோஸ் 95-ல் நேரம் மாற்றும் பகுதியில் இருந்த சின்ன உலக வரைபடத்தில் காஷ்மீர் வேறு நிறத்தில் இருந்தது. எட்டே புள்ளிகள்தான்! இந்திய அரசு தடை விதிக்க, மைக்ரோசாப்ட் சுமார் 2 லட்சம் பிரதிகளைத் திரும்பப் பெற்றது.