டிராக்டர் நின்றுவிட்டதா? பம்பைக் கழற்றும் முன் டீசல் வரும் வழியைப் பாருங்கள்

காலையில் வெட்டிய செம்பனைக் குலைகள் பாதையோரம் குவிந்து கிடக்கின்றன. அவை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி, தரமும் விலையும் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் பழைய டிராக்டர் டிரெய்லரோடு நடுவழியில் நின்றுவிடுகிறது. சுற்றி நிற்பவர்களில் ஒருவர் உடனே தீர்ப்புச் சொல்வார்: "பம்பு போச்சு."

சிறுதோட்டக்காரர்களுக்கும் குத்தகைக்கு டிராக்டர் ஓட்டுபவர்களுக்கும் இந்த இரண்டு வார்த்தைகள் பெரிய செலவைக் கொண்டுவரும். பம்பைக் கழற்றி, டவுனில் உள்ள டீசல் பம்புக் கடைக்கு அனுப்பி, திரும்பி வரும்வரை வேலை நிற்கும். மாட்டிய பிறகும் அதே கோளாறு தொடர்ந்தால், பழுது பம்பில் இருக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரியும்.

1960களின் நடுவில் வெளிவந்த மாஸி ஃபெர்குசன் 135 இன்னும் பல இடங்களில் ஓடுகிறது. அதன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இஞ்சினில் இருப்பது சி.ஏ.வி. நிறுவனத்தின் டி.பி.ஏ. ரகப் பம்பு. இந்தப் பம்புக்குத் தனியாக எண்ணெய் ஊற்றும் இடம் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு எண்ணெய். அதனால் டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் முதலில் தேய்வது பம்புதான். இன்னொரு விஷயமும் உண்டு. டீசல் சரியாக வராதபோது நல்ல பம்பும் கெட்ட பம்பைப் போலவே நடந்துகொள்ளும்.

முதலில் பார்க்க வேண்டியது இஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள். துருப்பிடித்த கேபிள் பாதி இழுத்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். இருக்கைப் பக்கம் கைப்பிடி உள்ளே போயிருக்கும். பம்புப் பக்கம் லீவர் திரும்பி வந்திருக்காது. அந்த லீவரைக் கையால் தள்ளிவிட்டதும் ஸ்டார்ட் ஆன டிராக்டர்கள் நிறைய. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது புகை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகைக்குழாயிலிருந்து ஒன்றுமே வராவிட்டால், டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது பேட்டரி பலவீனத்தால் இஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதா, கம்ப்ரஷன் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாரம் இழுக்கும்போது கரும்புகை தள்ளினால், முதலில் காற்று வடிகட்டியைத் திறந்து பார்ப்பதே மேல்.

நன்றாக ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிடம் ஓடி நிற்கிறதா? டாங்கி மூடியைத் தளர்த்திப் பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அது சரியாக இருந்தால் டாங்கியின் வாய்ப்பகுதியில் குப்பை சேர்ந்திருக்கலாம். ஃபில்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, இஞ்சின் பக்கத்தில் இருக்கும் ஃபீட் பம்பின் கை லீவரை அடித்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் டீசல் பீறிட்டு வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் கோளாறு பெரிய பம்புக்கு முன்னாலேயே இருக்கிறது.

நம் நாட்டில் தண்ணீர்தான் பெரிய எதிரி. டீசல் பீப்பாயை வெளியில் நிமிர்த்தி வைத்தால், மேல்மூடியில் மழைநீர் தேங்கும். பகல் சூட்டில் விரிந்த பீப்பாய் இரவில் குளிரும்போது, மூடியின் திருகு வழியாக அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பீப்பாயைக் கூரைக்கடியில் வைக்க வேண்டும், அல்லது படுக்க வைக்க வேண்டும். ஃபில்டர் கிண்ணத்திலிருந்து சிறிது டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் கால் மணி நேரம் விட்டுவைத்தால், தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும்.

2019 முதல் பெட்ரோல் நிலையங்களில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலந்த டீசல் விற்கப்படுகிறது. பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும். பழைய டாங்கியின் சுவரில் படிந்த கசடையும் கரைத்துக்கொண்டு வரும். நீண்ட நாள் கிடப்பில் இருந்த டிராக்டரைப் புது டீசல் ஊற்றி ஓட்டினால், முதல் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்வது இதனால்தான். பழைய ரப்பர் குழாய்கள் உப்பி மெதுவாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

ஃபில்டர் மாற்றினாலும், டீசல் தீர்ந்து நின்றாலும் குழாயில் காற்று புகுந்துவிடும். அதை எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஃபில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை லீவரை அடிக்க வேண்டும். லீவர் அசைந்தும் அழுத்தம் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். உள்ளே கேம் உச்சியில் நிற்கிறது. இஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடிக்கலாம். அடுத்து பம்பில் இரண்டு திருகுகள்: ஒன்று பக்கவாட்டில், மற்றொன்று மேலே கவர்னர் மூடியில். இரண்டையும் தளர்த்தி அடித்து, குமிழி நின்றதும் முதலில் பக்கத் திருகையும், பிறகு மேல் திருகையும் இறுக்க வேண்டும். கடைசியாக நாசில் முனையில் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் டீசல் வெளிவரும். பிறகு இறுக்கிவிடலாம். பலர் முதல் இரண்டு படிகளை விட்டுவிட்டு நேரே நாசிலுக்குப் போய், பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார்கள்.

காற்று எடுத்த மறுநாளே மீண்டும் காற்று புகுந்தால், எங்கோ இணைப்பு கசிகிறது. இந்த டிராக்டரில் டாங்கி மேலே இருப்பதால், நின்றிருக்கும்போது அந்த இடம் ஈரமாகும். டாங்கி வாய் பாதி அடைத்திருந்தால், ஓடும்போது அதே இடம் காற்றை உறிஞ்சும். ஈரத் தடத்தைத் தேடினால் போதும். செப்பு வாஷர்களை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் தட்டினால், இஞ்சின் மெதுவாக ஓடும்போது நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கலாம். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அந்த நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றி, கோளாறும் கூடவே போனால் குற்றவாளி நாசில், பம்பு அல்ல. கண்ணாடி அணிந்து, துணியால் மூடிச் செய்ய வேண்டும். அந்தக் காலத்து ஃபோர்மன்கள் ஓடும் இஞ்சினின் குழாயை விரலால் தொட்டு நாடி பார்ப்பார்கள். வெடிப்புள்ள குழாயில் அந்தப் பழக்கம் விரலுக்கே ஆபத்து. நாசிலிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளை ஊசிமுனை அளவே இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் எளிதாக ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு நிறுத்தினால் மீண்டும் ஸ்டார்ட் ஆகாமல், அரை மணி நேரம் ஆறியதும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆவது தேய்ந்த பம்பின் தெளிவான அடையாளம். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடுகிறது. சிலர் இதைச் சோதிக்க வாளித் தண்ணீரைப் பம்பின்மேல் ஊற்றுவார்கள். சூடான பம்பு அப்படியே இறுகிப்போகலாம் என்பதால் அதைச் செய்யக்கூடாது. காற்று இல்லாமலே இஞ்சின் வேகம் ஏறி ஏறி இறங்கினால், கவர்னர் பக்கமோ உள்ளிருக்கும் மீட்டரிங் வால்வோ சிக்கிக்கொண்டிருக்கலாம்.

இஞ்சின் ஆயில் அளவு ஊற்றாமலே கூடினால் டிராக்டரை அன்றே நிறுத்திவிட வேண்டும். ஃபீட் பம்பின் தோல் கிழிந்தோ, பெரிய பம்பின் முன் சீல் தேய்ந்தோ டீசல் ஆயிலில் இறங்குகிறது. நீர்த்த ஆயிலில் ஓடினால் பேரிங் போய்விடும். அந்தச் செலவுக்கு முன் பம்புச் செலவு சில்லறைக் காசு.

பம்பைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், பம்பின் விளிம்பிலும் டைமிங் பெட்டியிலும் கோடுகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உளியால் சிறு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதிகபட்ச வேகத் திருகின் முத்திரைக் கம்பியை வெட்டக்கூடாது. தோட்டத்து மேசையில் வைத்துப் பம்பைப் பிரிப்பதும் வேண்டாம். அதைச் சரியாக அளவு வைக்கச் சோதனை மேசை தேவை. மூன்று நாசில்களையும் சேர்த்தே கடைக்குக் கொண்டுபோய், பிரிப்பதற்கு முன் பம்பைச் சோதனை மேசையில் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பம்பின் பெயர்த் தகட்டில் உள்ள எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்பி வருவது அதே பம்புதானா என்றும் தெரியும்.