துள்ளி விழும் மீன்கள்: தப்பு யாருடையது?

இரவு மணி பத்து. கூடத்தில் கும்மிருட்டு. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் 'பட்'டென்று விளக்கைப் போடுகிறார்.

அவ்வளவுதான்! மூலையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரே களேபரம். மீன்கள் நாலா பக்கமும் சிதறி ஓடுகின்றன. கண்ணாடியில் முட்டிக்கொள்கின்றன. அவர் அதைக் கவனிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்.

பொழுது விடிந்ததும் குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்கிறது.

"அப்பா! என் மீன் கீழே விழுந்து கிடக்குது!"

மீன் வளர்க்கும் வீடுகள் பலவற்றில் நடப்பதுதான் இது. "கிறுக்கு மீனைக் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். "நமக்கு மீன் வளர்க்க ராசி இல்லை" என்று பாட்டி சொல்லுவாள். தொட்டி பரணுக்குப் போய்விடும்.

கிறுக்கும் இல்லை, ராசிக் குறைவும் இல்லை. மீன் பயந்துவிட்டது! அந்தப் பயத்துக்குக் காரணம் என்ன?

கங்கைச் சீமை மீன்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே மலிவாகக் கிடைக்கும் மீன்களில் ஒன்று 'ஜீப்ரா'. உடம்பு நெடுக நீல வரி ஓடும். விரல் நீளம்கூட இருக்காது.

இது நம் நாட்டு மீன். கங்கைப் பகுதி மீன்களை ஆராய்ந்த ஹாமில்டன் என்பவர் 1822-ல் இதைப் பற்றி எழுதினார். ஓடைகளிலும், நெல் வயல் தண்ணீரிலும் கூட்டமாக வாழும். கொக்கும், மீன்கொத்தியும், பெரிய மீனும் இதற்கு எமன்கள். ஆகவே, 'முதலில் ஓடு, பிறகு யோசி' என்பதுதான் இதன் வாழ்க்கைப் பாடம்.

ஓடுவதற்கென்றே இதன் மூளையில் இரண்டு பெரிய நரம்பு அணுக்கள் இருக்கின்றன. இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று. அதிர்ச்சி ஏற்பட்டதும் ஒரு பக்கத்து அணு உத்தரவு போடும். மறு பக்கத்துத் தசை சுருங்கும். மீன் வில்லாக வளைந்து பாயும். நாம் கண்ணை இமைப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும்!

ஓடையில் இப்படிப் பாய்ந்தால் பாசிக்குள் போய் மறையலாம். இரண்டடித் தொட்டியில் எங்கே போவது? ஒன்று, கண்ணாடியில் முட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளியே விழ வேண்டும்.

இமை இல்லாத கண்

நம் தொட்டிகளில் இருக்கும் மீன்களுக்குக் கண் இமை கிடையாது. இருட்டில் இருக்கும் மீனின் கண்ணில் திடீரென்று வெளிச்சம் பட்டால், அதை மூடிக்கொள்ள முடியாது.

காலையில் முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அல்லது அறை விளக்கைப் போடுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். இரவில் தொட்டி விளக்கை முதலில் அணையுங்கள். அறை விளக்கைப் பிறகு அணையுங்கள். நள்ளிரவில் கூடத்துக்கு வர நேர்ந்தால், தூரத்தில் உள்ள சிறு விளக்கு போதும்.

மீனுக்குக் காது உண்டு!

வெளியே தெரியாவிட்டாலும், மீனுக்குத் தலைக்குள் காது இருக்கிறது. ஜீப்ரா, தங்க மீன், கெண்டை ஆகியவற்றின் வயிற்றில் உள்ள காற்றுப் பை ஒலியை வாங்குகிறது. சின்னஞ்சிறு எலும்புகள் அதைக் காதுக்குக் கொண்டுபோகின்றன. இதை 1820-லேயே வெபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டு சொன்னார்.

காற்றில் போவதைவிடத் தண்ணீரில் ஒலி நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். குழந்தைகள் விளையாட்டாகக் கண்ணாடியைத் தட்டுகிறார்களே, அது மீனுக்கு இடி!

ஆகையால், தொட்டியைக் கதவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். டெலிவிஷன், ஒலிபெருக்கி வைத்திருக்கும் மேஜையிலும் வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த சுவர் ஓரமே நல்ல இடம்.

தோலில் இருக்கும் அபாய மணி

கார்ல் வான் பிரிஷ் என்பவர் தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து புகழ் பெற்றவர். 1973-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். அவர் 1938-ல் ஒரு விந்தையை வெளியிட்டார்.

காயம்பட்ட ஒரு சிறு மீனை அதன் கூட்டத்தில் விட்டார். மற்ற மீன்கள் எல்லாம் மிரண்டு ஓடின! அடிபட்ட தோலிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கலக்கிறது. அதன் வாசனைதான் மற்றவற்றுக்கு அபாய மணி. ஜீப்ரா மீனுக்கும் இந்த மணி உண்டு.

வலையைப் போட்டுத் துரத்தித் துரத்திப் பிடித்தால், தோல் உரியும். ஒரு மீன் பட்ட காயம் தொட்டி முழுவதையும் நடுங்க வைக்கும். அவசியம் இல்லாமல் வலையை எடுக்காதீர்கள்.

ஒளிய இடம் கொடுங்கள்

"செடி வைத்தால் மீன் ஒளிந்துகொள்ளுமே, பார்க்க முடியாதே" என்பார்கள். நடப்பது நேர் மாறு! ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த மீன் தைரியமாக வெளியே வரும். இடமில்லாத மீன்தான் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்.

தொட்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். செடிகள் வையுங்கள். கொட்டாங்கச்சி ஒன்றை நன்றாகக் கொதிக்க வைத்து, ஊறப் போட்டுக் கவிழ்த்து வைத்தாலும் போதும்.

துணையும் முக்கியம். ஜீப்ராவை ஒன்றிரண்டாக வாங்கக் கூடாது. ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். தனி மீன் எப்போதும் பயந்த மீன்தான். தொட்டியில் மற்றவற்றைத் துரத்தும் போக்கிரி மீன் இருந்தால், அதைப் பிரித்துவிடுங்கள்.

தண்ணீரைப் பாருங்கள்

நேற்று வரை சாதுவாக இருந்த மீன்கள் இன்று திடீரென்று மிரளுகின்றனவா? தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

புதுத் தொட்டியில் மீனின் கழிவு அம்மோனியா நஞ்சாகச் சேரும். அதை மாற்றும் நல்ல கிருமிகள் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன்களைக் குறைவாக விடுங்கள். இரையையும் குறைத்துப் போடுங்கள். அம்மோனியாவைச் சோதிக்கும் மருந்து மீன் கடைகளில் கிடைக்கிறது.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். ஒரேயடியாக மாற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரிலும், லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கலாம். கடையில் விற்கும் குளோரின் முறிப்பு மருந்தைக் கலந்த பிறகே அதை ஊற்றுங்கள்.

மீன் கல்லில் உடம்பை உரசி உரசி ஓடினால், அது வெறும் பயம் அல்ல. ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம்.

பயம் தெளியும் நாள்

புது மீனைக் கொண்டுவந்த அன்று விளக்கைப் போடாதீர்கள். பையோடு கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு திறந்துவிடுங்கள். மறுநாள் இரை போடலாம்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தில் நின்று இரை போடுங்கள். மீனுக்கு ஞாபகம் மூன்று விநாடிதான் என்பது கட்டுக்கதை. பழக்கியதைத் தங்க மீன் மாதக் கணக்கில் மறப்பதில்லை. பத்துப் பதினைந்து நாளில் உங்கள் நிழலைக் கண்டதும் ஓடிய மீன், அதே நிழலைத் தேடி வரும்.

இன்னும் ஒன்று பாக்கி. எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது அதுதான். காற்றுப் புகும்படி ஒரு மூடி போடுங்கள். வலைத் துணியைக் கட்டினாலும் சரி.

அன்று தரையில் கிடந்த மீனைப் பார்த்து, "ராசி இல்லை" என்றார்கள். அந்த வீட்டில் இல்லாமல் போனது ராசி அல்ல. ஒரு மூடி!